தோல் பின்னால் போகவில்லை, டாக்டர்

இந்தப் பகுதியில் இதுவரை சிறுநீரகக் கல், புராஸ்டேட் வீக்கம் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இடையிடையே பெயர் போடாமல், ஊர் மட்டும் எழுதி வந்த கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். எல்லாம் ஒரே விஷயம்: ஆணுறுப்பின் முன்தோல் இறுக்கமாக இருக்கிறது, பின்னால் போக மறுக்கிறது. என் புறநோயாளிப் பிரிவுக்கு இதற்காக வருகிறவர்களும் சீட்டில் 'நீர்க்கடுப்பு' என்றுதான் எழுதச் சொல்கிறார்கள். கூட வந்தவர் வெளியே போன பிறகுதான் உண்மை வாயில் வரும். இந்த முறை பக்கம் முழுவதும் இவர்களுக்கே.

என் பையனுக்கு நாலு வயது. ஒன்றுக்குப் போகும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்பி, அப்புறம்தான் சிறுநீர் வெளியே வருகிறது. தோலைத் தள்ளிப் பார்த்தால் அழுகிறான். தினமும் குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டு இழுத்துவிட வேண்டும் என்கிறார் மாமியார். இங்குள்ள டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு தாய், திண்டுக்கல்

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம், அம்மா. இழுத்துவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அதுதான் முதல் வேலை.

பிறக்கும்போது முன்தோலின் உட்பக்கமும் ஆணுறுப்பின் நுனியான மொட்டுப் பகுதியும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். 1949-ல் இங்கிலாந்தில் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கணக்கெடுத்து எழுதினார். பிறந்த ஆண் குழந்தைகளில் 100-க்கு 4 பேருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னால் போனது. அப்புறம் டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் என்பவர் பள்ளிச் சிறுவர்களை வருடக்கணக்கில் பார்த்து 1968-ல் வெளியிட்ட கணக்கில், 6-7 வயதில் 8 சதவீதம் பேருக்கு இறுக்கம் இருந்தது. 16-17 வயதில் அது 1 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அந்த வயதுக்குள் உடம்பே தோலைப் பிரித்துவிடுகிறது. உங்கள் பையனுக்கு நாலு வயதுதான். அவசரமே இல்லை.

ஒட்டிய தோல் மெல்லப் பிரியும்போது உதிரும் செல்கள் உள்ளே சேரும். தோலுக்கு அடியில் வெள்ளையாக, சின்ன உருண்டையாகத் தெரியும். அதைச் சீழ் என்று பயந்து ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற அம்மாக்கள் உண்டு. சிவப்பு, வலி, காய்ச்சல் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம். நாளாக ஆக அதுவே வெளியே வந்துவிடும்.

இழுத்தால் என்ன ஆகும்? ஒட்டியிருக்கிற இடம் பிய்ந்து ரத்தம் கசியும். ஆறும்போது அந்த விளிம்பில் தழும்பு விழும். தழும்பு விரியாது. தானாகச் சரியாகியிருக்க வேண்டிய தோல் இப்படித்தான் நிஜமாகவே இறுகிப் போகிறது. உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன், பேரன் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறைதான் அது. இந்த வரிகளை அவருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்: வெளிப்பக்கம் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். சோப்பை உள்ளே செலுத்த வேண்டாம். பையன் வளர்ந்து, தோல் எளிதாகப் போகிற காலத்தில், குளிக்கும்போது தானே தள்ளிக் கழுவி, திரும்ப முன்னால் கொண்டுவர அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

உப்புவது பார்க்கப் பயமாக இருக்கும். வலியில்லாமல், உப்பிய பிறகு சிறுநீர் நன்றாகப் போனால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை. டாக்டரிடம் போக வேண்டியது எப்போது என்றால், ஒன்றுக்குப் போகும்போது அழுது துடித்தால், நூல் மாதிரியோ சொட்டுச் சொட்டாகவோ வந்தால், தோல் சிவந்து சீழ் வைத்தால், காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்தால், அல்லது நுனித்தோல் வெளுத்துக் கெட்டியானால். அப்போதும் பெரும்பாலும் முதலில் களிம்புதான், கத்தி அப்புறம்.

இன்னொன்று. சிறுநீர் வரும் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கிற குழந்தைகள் உண்டு. அப்படியிருந்தால் எந்தக் காரணத்துக்காகவும், குடும்ப வழக்கத்துக்காகவும்கூட, முன்தோலை நீக்கிவிடக் கூடாது. பிறகு அந்தக் குறையைச் சரி செய்ய அந்தத் தோலே தேவைப்படும்.

வயது 27, பனியன் கம்பெனியில் வேலை. சாதாரணமாக இருக்கும்போது தோல் பாதி வரை போகிறது. விறைத்தால் அசையாது, தள்ளினால் வலி. தை மாதம் கல்யாணம், நிச்சயம் ஆகிவிட்டது. மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் போட்டேன், எரிச்சல்தான் மிச்சம். மாதம் ஒரு தடவை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவர் லேகியம், தைலம் என்று 40 ஆயிரம் கேட்கிறார். எனக்குக் குழந்தை பிறக்குமா? ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

தம்பி, குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விந்தணு உண்டாவது விரைகளில். முன்தோல் இறுக்கம் அதைத் தொடாது. ஆனால் இறுக்கத்தோடு உறவுக்கு முயன்றால் வலிக்கும், தோல் கீறும். வலிக்குமோ என்ற பயத்தில் விறைப்பே குறைந்துபோய், 'எனக்கு ஆண்மையில்லை' என்று வந்து உட்காருகிற மாப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களுக்கு ஆண்மையில் ஒரு குறையும் கிடையாது. அதனால் கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் கேட்டது மிக நல்லது.

லாட்ஜுக்குப் போகாதீர்கள். லேகியம் சாப்பிட்டு ஒரு தோல் வளையம் தளரப் போவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான ஆபரேஷனையே காசு வாங்காமல் செய்கிறார்கள். உங்கள் 40 ஆயிரம் கல்யாணச் செலவுக்கு இருக்கட்டும்.

மெடிக்கலில் கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாம் கலந்த டியூப். படர்தாமரைக்கும் அதையேதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். உங்களுக்குத் தேவைப்படுவது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மட்டும் உள்ள களிம்பு, 0.05 அல்லது 0.1 சதவீதம். அதையும் டாக்டர் ஒரு முறை பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எப்படிப் போடுவது என்பதில்தான் பலர் தவறிப்போகிறார்கள். தோலை வலிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் தோல் வெளிறி, ஒரு வளையமாக இறுகித் தெரியும். மருந்து போக வேண்டியது அந்த வளையத்துக்கு, சுற்று முழுவதும். மொட்டின் மேல் தடவிவிட்டு 'ஒரு மாதம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்களுக்கு நான் திரும்ப முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கிறேன். விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்தால் போதும், காலையும் இரவும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்த கையோடு செய்தால் தோல் இளகியிருக்கும். தடவிய பிறகு, இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது, அந்த இடம் வரைக்கும் தோலைப் பின்னால் கொண்டுபோய் அரை நிமிடம் பிடித்திருந்து விடுங்கள். இப்படிச் சில தடவை. வெடிப்பு விழுந்தால் ஆறும்வரை நிறுத்திவிடுங்கள், வேகம் காட்டினால் தழும்புதான் மிஞ்சும். ஒவ்வொரு தடவையும் தோலைத் திரும்ப முன்னால் கொண்டுவந்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். இதை மறக்கவே கூடாது.

4 முதல் 8 வாரம் வரை இப்படி. மருந்து அழற்சியைக் குறைத்துத் தோலை நெகிழ வைக்கிறது, உங்கள் கை அதை மெல்ல விரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பலன். 8 வாரத்துக்கு மேல் நீங்களாக நீட்டிக்காதீர்கள், ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்துவிடும். சிறுவர்களில் 10-க்கு 7 பேருக்கு மேல் இதிலேயே சரியாகிவிடுகிறது. பெரியவர்களில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் இதை முயன்று பார்க்காமல் நேராகக் கத்தியைத் தொட எனக்கு மனசு வராது.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கடித ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வழுக்குவதற்கு உதவும், தோலைத் தளர்த்தாது. ஆணுறையோடு மட்டும் எண்ணெய் சேரக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும்.

டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? எல்லா இறுக்கமும் ஒன்றல்ல. லைகன் ஸ்கிளிரோசஸ் என்று ஒரு தோல் நோய் இருக்கிறது. அதில் நுனித்தோல் வெள்ளையாக, தடித்து, பீங்கான் நிறத்தில் மாறும். விரிக்க முயன்றால் வெடித்துக்கொண்டே போகும், நாளாவட்டத்தில் சிறுநீர்த் துவாரத்தையே சுருக்கிவிடும். அதற்கு வீரியமான களிம்பு வேண்டும். பலருக்கு முன்தோல் நீக்கம்தான் சரியான சிகிச்சை. வேறு சிலருக்குத் தோல் வளையம் சரியாகவே இருக்கும். அடிப்பக்கம் மொட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கிற சிறு தோல் மடிப்பு குட்டையாக இருக்கும். விறைப்பில் மொட்டைக் கீழே வளைத்து இழுக்கும், முதல் உறவில் கிழிந்து ரத்தம் கொட்டலாம். ரத்தத்தைப் பார்த்து மிரள வேண்டாம், சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அதை நீளமாக்கித் தைப்பது சின்ன ஆபரேஷன். இந்த மூன்றில் உங்களுடையது எது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், கடிதத்தில் முடியாது.

ஆடியில் எழுதியிருக்கிறீர்கள், கல்யாணம் தையில். ஆவணி, புரட்டாசி களிம்புக்கு. ஐப்பசியில் திரும்பக் காட்டுங்கள். தளராவிட்டால் அந்த மாதத்திலேயே ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் பின் 4 முதல் 6 வாரம் உறவு கூடாது. அதெல்லாம் கழித்தாலும் தைக்குள் ஆறிவிடும். பெண்ணிடம் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். சிகிச்சை முடியாத நிலையில் முகூர்த்தம் வந்துவிட்டால் மட்டும் சொல்லிவிடுங்கள் என்பேன். முதல் இரவிலேயே எல்லாம் நடந்தாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை.

யூராலஜி என்ற சிறுநீர்ப்பாதை மருத்துவப் பிரிவில் போய் 'முன்தோல் பின்னால் போகவில்லை' என்ற மூன்று சொற்களைச் சொன்னால் போதும். நீர்க்கடுப்பு என்று சீட்டுப் போட்டால் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஒரு நாள் வேலை வீணாகும்.

குளிக்கும்போது கஷ்டப்பட்டுத் தள்ளினேன், தோல் பின்னாலேயே மாட்டிக்கொண்டது. முன்பக்கம் வீங்கிவிட்டது. வெட்கப்பட்டு ஹாஸ்டலில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து எப்படியோ முன்னால் வந்தது. இன்னொரு தடவை நடந்தால் என்ன செய்வது?
— கல்லூரி மாணவர், கோவை

உங்களுக்கு நல்ல நேரம், தப்பித்தீர்கள். இது உண்மையான அவசரம். இறுகிய வளையம் மொட்டுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால் ரத்தம் உள்ளே வரும், வெளியே போக வழியில்லை. வீங்க வீங்க இன்னும் இறுகும். விட்டுவைத்தால் மொட்டுக்கே ரத்த ஓட்டம் நின்றுபோகலாம்.

மறுபடி நடந்தால் முதலில் படுத்துக்கொள்ளுங்கள். மொட்டையும் வீக்கத்தையும் உள்ளங்கையில் பிடித்து, விடாமல், ஒரே சீராக 5 முதல் 10 நிமிடம் அழுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸைச் சில நிமிடம் வைக்கலாம், நேரடியாக வைக்கக் கூடாது. வீக்கம் வடிந்ததும் இரண்டு கட்டைவிரல்களாலும் மொட்டை உள்ளே அழுத்தி, மற்ற விரல்களால் தோலை முன்னால் கொண்டுவாருங்கள். அரை மணி நேரத்தில் வரவில்லையா, மொட்டு நீலமோ கருப்போ ஆகிறதா, ராத்திரி இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடத்தில் சரி செய்துவிடுவார்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒரு தடவை மாட்டிய தோல் மறுபடி மாட்டலாம். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒரு சர்ஜனைப் பாருங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் படுக்கையிலிருக்கும் பெரியவருக்கு யூரின் டியூப் போட்டிருந்தால், டியூப் மாற்றியதும், உடம்பு துடைத்ததும், முன்தோல் திரும்ப முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் தள்ளியதை அப்படியே விட்டுவிடுவதால் வருகிற வீக்கத்தை முதியவர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். அவர்களுக்கு வாய் திறந்து சொல்லவும் முடியாது.

களிம்பு போட்டுப் பலனில்லை, ஆபரேஷன் என்கிறார்கள். சுன்னத் நம்ம வழக்கமில்லையே என்று அம்மா அழுகிறார். செய்தால் உறவில் சுகம் குறையுமா?
— 31, இராமநாதபுரம்

மதத்துக்கும் இந்த ஆபரேஷனுக்கும் தொடர்பில்லை. குடல்வால் எடுப்பது மாதிரி இதுவும் ஒரு சிகிச்சை. அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அவர் வாயால் கேட்டால் சமாதானமாவார்.

உகாண்டாவிலும் கென்யாவிலும் ஆயிரக்கணக்கான வளர்ந்த ஆண்களுக்கு முன்தோல் நீக்கிப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், உறவில் திருப்தி குறைந்ததாகத் தெரியவில்லை. இறுக்கத்தால் வலியோடு இருந்தவருக்கு நிம்மதிதான். முழுத் தோலையும் இழக்க விருப்பமில்லை என்றால், வளையத்தை மட்டும் நெடுக்காக வெட்டிக் குறுக்காகத் தைத்து அகலப்படுத்தும் முறையும் உண்டு. மேலே சொன்ன லைகன் ஸ்கிளிரோசஸ் நோய் இல்லாதவருக்கு அது பொருந்தும். கேட்டுப் பாருங்கள், கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை.

மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் தானாகக் கரைந்து இரண்டு மூன்று வாரத்தில் விழும். முதல் சில நாள் விடியற்காலை விறைப்பில் தையல் சுண்டி இழுக்கும். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். மொட்டு ஜட்டியில் உரசிக் கூசும், லுங்கி கட்டிக்கொள்ளுங்கள். சில வாரத்தில் பழகிவிடும்.

கணவருக்கு 56 வயது, சர்க்கரை 11 வருடமாக. ஆறு மாதமாக முன்தோல் நுனியில் வெடிப்பு, அரிப்பு, தயிர் மாதிரி வெள்ளை. இப்போது தோலே பின்னால் போகவில்லை. எனக்கும் அரிப்பு வருகிறது. மெடிக்கலில் வாங்கிய கிரீம் போட்டால் இரண்டு நாள் நன்றாக இருந்து திரும்ப வருகிறது. அவரிடம் சொன்னால் எரிந்து விழுகிறார்.
— ஒரு மனைவி, தஞ்சாவூர்

நீங்கள் எழுதியதற்கு நன்றி அம்மா. நடுவயதில் புதிதாகத் தோல் இறுகினால் நாங்கள் முதலில் பார்ப்பது சர்க்கரையைத்தான். சர்க்கரை இருப்பதே தெரியாமல், இந்த வெடிப்பைக் காட்ட வந்து தெரிந்துகொண்டவர்கள் உண்டு. சிறுநீரில் சர்க்கரை, உள்ளே ஈரம், பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பூஞ்சை வந்து வெடிக்கிறது, வெடிப்பு ஆறித் தழும்பாகிறது, தோல் சுருங்குகிறது, சுருங்கியதால் கழுவ முடியவில்லை, மறுபடி பூஞ்சை.

அவருடைய மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று இருக்கிறதா? இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்லவை. ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சை வருவது இவற்றின் தெரிந்த பக்கவிளைவு. அதற்காக நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரை டாக்டரிடம் இந்த விஷயத்தைச் சொல்லுங்கள், தொடர்வதா மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

மெடிக்கல் கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அது அரிப்பை அடக்கி, பூஞ்சையை வளர்க்கும். இரண்டு நாள் நன்றாக இருந்து திரும்ப வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். அதை நிறுத்திவிட்டு, பூஞ்சை மருந்தை மட்டும் டாக்டர் எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்த பின்னும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைக்கச் சொல்லுங்கள். டெட்டால், சோப்பு வேண்டாம். திருப்பூர் தம்பிக்குச் சொன்ன களிம்பும் பயிற்சியும் இவருக்கு இப்போது பொருந்தாது. முதலில் பூஞ்சை ஒழிய வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் சிலருக்குத் தோல் தானே தளரும். தழும்பு விழுந்துவிட்டவருக்கு முன்தோல் நீக்கம்தான் வழி, செய்துகொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

பின்னால் போகாத தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே கட்டி தட்டுப்பட்டாலோ, துர்நாற்றத்தோடு நீர் வடிந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. ஆணுறுப்புப் புற்றுநோய்க்கு நாள்பட்ட முன்தோல் இறுக்கமும் புகையிலையும் காரணங்களில் சேரும். ஆரம்பத்தில் வந்தால் காப்பாற்றிவிடலாம், உறுப்பையும் சேர்த்து. நாங்கள் பார்க்கிற பலர் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்த பிறகுதான் வருகிறார்கள். அதேபோல் விரைப்பையில் கடும் வலி, வீக்கம், தோல் கருத்துப்போதல், கூடவே காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தத் தொற்று மளமளவென்று பரவும்.

அவர் எரிந்து விழுவது உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல, பயத்தால். 'எனக்கு அரிக்கிறது, நான் டாக்டரைப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்' என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போகும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் தேவைப்பட்டால் அதைப் பார்த்துத்தான் தேதி குறிப்பார்கள்.